இயற்பியலும் வானியலும் சேர்த்துப் படிப்பவர்களிடம் சில கேள்விகள்

அறுமீன் (முதல் ஆண்டு)

வணக்கம். இயற்பியலும் வானியலும் சேர்ந்த பட்டப்படிப்பில் முதல் ஆண்டின் இரண்டாம் பாதியில் இருக்கிறேன். வானத்தின் மேல் இருந்த ஆசையில்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் வாரம் முழுக்க இயக்கவியல், வெக்டர் நுண்கணிதம், மின்சுற்று லேப் என்றே போகிறது. வானியல் என்று பெயர் போட்ட ஒரே பாடத்திலும் இதுவரை கோள முக்கோணவியலும் ஆயத்தொலைவு மாற்றங்களும்தான் நடந்திருக்கின்றன. ஒரு விண்மீன் ஏன் ஒளிர்கிறது என்ற பக்கமே யாரும் இன்னும் வரவில்லை.

வாராவாரம் அசைன்மென்ட் வருகிறது. ஒரே கணக்கில் ஒரு மாலை முழுக்கப் போய்விடுகிறது, அப்போதும் விடை வருவதில்லை. வகுப்பில் சிலர் கேள்வி கேட்கும் விதத்தைப் பார்த்தால் இதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

மேலே போகப் போக இது வானியலாக மாறுமா? பேசாமல் வெறும் இயற்பியலுக்கு மாறிவிடலாமா? கணக்குகளுக்கு இவ்வளவு நேரம் ஆவது எல்லோருக்கும் நடப்பதுதானா, எனக்கு மட்டும்தானா? இந்தப் படிப்பைத் தாண்டி வந்தவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

அலைநீளம் (மூன்றாம் ஆண்டு)

மாறும். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் இயற்பியல் முடிந்து வானியல் தொடங்கும் என்று காத்திருக்க வேண்டாம், அப்படி ஒரு நாள் வராது. இந்த ஆண்டு எங்களுக்கு விண்மீன் அமைப்பு என்று ஒரு பாடம். அதன் முதுகெலும்பு நான்கே சமன்பாடுகள். ஈர்ப்பும் அழுத்தமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பது ஒன்று, ஆரத்தோடு நிறை கூடுவது ஒன்று, உள்ளே ஆற்றல் உண்டாவது ஒன்று, அந்த ஆற்றல் வெளியே வந்து சேர்வது ஒன்று. முதல் இரண்டையும் நீங்கள் இப்போதே எழுத முடியும். மூன்றாவதற்கு அணுக்கரு இயற்பியலும் நான்காவதற்கு வெப்ப இயக்கவியலும் கதிர்வீச்சும் வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் "இது எதற்கு?" என்று தோன்றிய பாடங்கள் ஒவ்வொன்றும் அந்த ஒரே பாடத்தில் கூப்பிட்டதும் வந்து நிற்க வேண்டியிருந்தது.

வெறுமனே பொறுத்திருங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. இன்றைக்கே, உங்களிடம் இருக்கும் இயக்கவியலை வைத்தே ஒன்று செய்து பாருங்கள். ஈர்ப்பு மாறிலி, சூரியனின் நிறை (2×10³⁰ கிலோ), ஒரு புரோட்டானின் நிறை (1.67×10⁻²⁷ கிலோ) மூன்றையும் பெருக்கி, சூரியனின் ஆரத்தால் (7×10⁸ மீட்டர்) வகுங்கள். கிட்டத்தட்ட 3×10⁻¹⁶ ஜூல் வரும். சூரியனுக்குள் ஒரு புரோட்டானுக்கு இருக்கும் ஈர்ப்பு ஆற்றலின் அளவு இது. விண்மீன் தன் எடையிலேயே நொறுங்கிவிடாமல் நிற்க வேண்டுமானால் அந்தப் புரோட்டானின் வெப்ப ஆற்றலும் ஏறத்தாழ இதே அளவில் இருக்க வேண்டும். எனவே இதைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால் வெப்பநிலை கிடைக்கும்: சுமார் 2.3 கோடி கெல்வின்.

கணினியில் பாடுபட்டுக் கட்டிய சூரிய மாதிரிகள் மையத்துக்குச் சொல்லும் மதிப்பு சுமார் 1.57 கோடி கெல்வின். ஐந்து எண்களையும் ஒரு பெருக்கல் வகுத்தலையும் வைத்துக்கொண்டு, யாரும் போய்ப் பார்க்க முடியாத ஓர் இடத்தின் வெப்பநிலையை இவ்வளவு நெருங்கிவிட முடிகிறது. இதைச் செய்த மாலையில் எனக்கு இந்தப் படிப்பின் மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

கோள முக்கோணவியலையும் தள்ளிவிடாதீர்கள். தொலைநோக்கியை இயக்கும் முதல் இரவிலேயே அது தேவைப்படும்.

எண்ட்ரோபி (இரண்டாம் ஆண்டு)

கணக்கு விஷயத்துக்கு நான் வருகிறேன். ஒரு மாலையில் ஒரு கணக்கு என்பது எல்லோருக்கும் நடப்பதுதான். பள்ளியில் ஒரு கணக்கைப் பார்த்ததும் எந்தச் சூத்திரம் என்று தெரிந்துவிடும். இங்கே எந்தச் சூத்திரம் என்பதே கேள்வி, சில நேரம் சூத்திரத்தையே நாம்தான் உருவாக்க வேண்டும். அதனால் முதல் ஒரு மணி நேரத்தில் தாளில் ஒன்றுமே எழுதாமல் உட்கார்ந்திருப்பதும் வேலை நடப்பதாகவே கணக்கு.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அசைன்மென்ட் வந்த அன்றே ஒவ்வொருவரும் எல்லாக் கணக்கையும் படித்து, படம் வரைந்து, தெரிந்தது எது தெரியாதது எது என்று எழுதிவிட வேண்டும். விடை காண வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு காலி வகுப்பறையில் கரும்பலகை முன்னால் கூடுவோம். எங்கே மாட்டிக்கொண்டோம் என்பதை மட்டும் பேசுவோம். அப்புறம் அவரவர் இடத்துக்குப் போய்த் தனியாக எழுதுவோம், எழுதும்போது மற்றவர் தாளைப் பார்ப்பதில்லை. இந்தக் கடைசி விதி முக்கியம். கரும்பலகையில் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், தனியாக எழுதும்போதுதான் எந்த வரி புரியவில்லை என்று தெரியும்.

விடை வந்த பிறகு அதைச் சோதிக்காமல் விடாதீர்கள். அலகு சரியா? நிறையைப் பூச்சியமாக்கினால், தூரத்தை முடிவிலிக்குக் கொண்டுபோனால் விடை நியாயமாக நடந்துகொள்கிறதா? எண் நம்பும்படி இருக்கிறதா? கணக்கு தவறாகப் போனால்கூட "இந்த விடை தவறு, ஏனென்றால் இந்த எல்லையில் இப்படி ஆகிறது" என்று எழுதி வையுங்கள். திருத்துபவர்கள் பலர் அதற்கு மதிப்பெண் தருவார்கள். ஆய்வுக்குப் போனால் விடை எழுதிய பின்பக்கம் எதுவும் கிடையாது, இந்தச் சோதனைகள் மட்டும்தான் கையில் இருக்கும்.

வகுப்பில் கேள்வி கேட்பவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். அவர்களில் ஒருவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களும் வேறு ஒரு வரியில் மாட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

செந்நகர்வு (முதல் ஆண்டு)

நானும் இதே நிலையில்தான் இருக்கிறேன். அந்தச் சூரியக் கணக்கை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன், எனக்கும் 2.3 கோடிதான் வந்தது. நன்றி அலைநீளம். தொலைநோக்கி லேப் எப்படி இருக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா? அடுத்த ஆண்டு எங்களுக்கு இருக்கிறது.

இரவுக்காவல் (முதுகலை, தொலைநோக்கி லேபில் உதவியாளர்)

சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் எதிர்பார்ப்பு பற்றி. கண்ணை வைத்துப் பார்ப்பது முதல் வாரத்தோடு முடிந்துவிடும். சனியின் வளையத்தைப் பார்த்து எல்லோரும் வியப்பார்கள், வியக்க வேண்டியதுதான். அதன் பிறகு தொலைநோக்கியின் முனையில் ஒரு கேமராதான் இருக்கும், நீங்கள் பக்கத்து அறையில் திரைக்கு முன்னால் இருப்பீர்கள். திரையில் வருவது கறுப்பு வெள்ளையில் புள்ளிகள். நிறம் வேண்டுமென்றால் வடிகட்டிகளை மாற்றி மாற்றி எடுத்த படங்களைச் சேர்க்க வேண்டும்.

வேலை சூரியன் மறைவதற்கு முன்பே தொடங்கிவிடும். கேமராவைக் குளிர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெப்பத்தாலேயே எலக்ட்ரான்கள் கிளம்பி, வராத ஒளியை வந்ததாகக் காட்டும். அந்தி வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும் சில நிமிடங்களில் ஃபிளாட் படங்கள் எடுக்க வேண்டும். சீரான ஒளிக்கு ஒவ்வொரு பிக்சலும் எப்படி வேறுபட்டு நடந்துகொள்கிறது, கண்ணாடியில் எங்கே தூசி இருக்கிறது என்பதையெல்லாம் அந்தப் படங்கள்தான் காட்டிக்கொடுக்கும். அப்புறம் மூடியைத் திறக்காமல், ஒளியே இல்லாதபோதும் கேமரா தானாகக் காட்டும் அளவைப் பிடிக்கும் பயஸ், டார்க் படங்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் வானியல் கணக்கில் முழு இருட்டு. அதற்குள் இலக்கைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்து முடித்திருக்க வேண்டும்.

எங்கள் லேபில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது புறக்கோள் கடப்பு. விண்மீனுக்கு மிக அருகில் சுற்றும் வியாழன் அளவுக் கோள் ஒன்று அந்த விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது ஒளி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். அதைப் பிடிக்க வேண்டும். இங்கேதான் புள்ளியியல் உயிரோடு எதிரே வந்து நிற்கும். 10,000 ஃபோட்டான்களை எண்ணினால் அதன் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. அது 1 சதவீதம். தேடும் குறையும் 1 சதவீதம், இரைச்சலும் 1 சதவீதம் என்றால் ஒன்றும் தெரியாது. இரைச்சலை 0.1 சதவீதத்துக்குக் கொண்டுவர 10 லட்சம் ஃபோட்டான்கள் வேண்டும். பத்து மடங்கு துல்லியத்துக்கு நூறு மடங்கு ஒளி. வகுப்பில் இதைச் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு விண்மீனின் ஒளியைக் காட்டும் வளைவரை மெல்லக் கீழே இறங்கும்போது அறையில் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இது பெரிய கருவிகளுக்கு மட்டுமே ஆகிற வேலை என்று நினைக்காதீர்கள். எச்டி 209458 என்ற விண்மீனின் குறுக்கே கோள் கடப்பது 1999இல் பதிவானது, இப்படிப் பதிவான முதல் கோள் அதுதான். மங்கல் சுமார் 1.5 சதவீதம். டேவிட் சார்பனோ என்பவர் அப்போது ஆய்வு மாணவர். அவரது குழு பயன்படுத்திய கருவியின் விட்டம் சுமார் 10 சென்டிமீட்டர்.

மேகம் வரும். பாதிக் கடப்பில் வரும். விண்மீன்கள் நாளுக்குச் சுமார் 4 நிமிடம் முன்கூட்டியே உதிக்கின்றன, ஒரு மாதத்தில் 2 மணி நேரம் தள்ளிப்போய்விடும். அதனால் "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட இலக்கு அந்தப் பருவத்தில் திரும்பக் கிடைக்காமலே போகலாம். ஒவ்வோர் இரவுக்கும் இரண்டாவது, மூன்றாவது இலக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லாக் புத்தகத்தில் நேரம், காற்றின் ஈரம், மேகம், யார் எதைத் தொட்டார் என்பது வரை எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து வளைவரையில் ஒரு மேடு ஏன் வந்தது என்று தேடும்போது அந்தக் கையெழுத்துதான் துணை.

தொலைநோக்கி இருக்கும் இடத்துக்குப் போகும்போது சிவப்பு விளக்கு மட்டும் எடுத்துப் போங்கள், கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். மறுநாள் காலை வகுப்பு இருந்தால் பேராசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தூக்கத்தைக் கடன் வாங்கிக்கொண்டே போகாதீர்கள், அதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். அவதானிப்பு இரவுக்கு அடுத்த நாளை முழுதாகத் தூக்கத்துக்கு ஒதுக்கும் மாணவர்கள்தான் பருவத்தின் கடைசி வரை நல்ல தரவு எடுக்கிறார்கள்.

நேர்கோடு (முதுகலை முடித்தவர், திண்மநிலை இயற்பியல்)

எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அறுமீன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் அதே சேர்க்கைப் படிப்பில் தொடங்கி இரண்டாம் ஆண்டின் முடிவில் இயற்பியலுக்கு மாறியவன். எனக்கு அது சரியான முடிவாக இருந்தது.

வெறும் இயற்பியலுக்கு மாறினால் வானியல் கதவு மூடிவிடாது. வானியலில் முனைவர் ஆய்வுக்குப் பெரும்பாலான இடங்களில் இயற்பியல் பட்டத்தையே ஏற்றுக்கொள்கிறார்கள், இன்று வானியலாளர்களாக இருப்பவர்களில் மிகப் பலர் இயற்பியல் மட்டுமே படித்து வந்தவர்கள். எதிர்த்திசையில் போவதுதான் கடினம். சேர்க்கைப் படிப்பில் வானியல் பாடங்களுக்கு இடம் விட வேண்டும் என்பதற்காகத் திண்மநிலை இயற்பியலோ, மேல்நிலைக் குவாண்டம் இயங்கியலோ, ஒரு லேபோ விடுபட்டுப் போகலாம். உங்கள் பாடத்திட்டத்தில் எது விடுபடுகிறது என்று பாருங்கள். மின்காந்தவியலின் இரண்டாம் பகுதியும் புள்ளியியல் இயற்பியலும் விடுபட்டால் அது நல்ல பாடத்திட்டம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வானியலில் நிரந்தர ஆய்வுப் பதவிகள் மிகக் குறைவு, முனைவர் பட்டம் பெறுபவர்கள் அதைவிட மிக அதிகம். பட்டத்துக்குப் பிறகு சில ஆண்டு ஒப்பந்தப் பணிகள், நாடு விட்டு நாடு மாறுதல் என்று போகும். அந்த வாழ்க்கை வேண்டுமா என்பதை முதல் ஆண்டிலேயே முடிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் மூன்றாம் ஆண்டில் முதல்முறையாகக் கேள்விப்படுவது நியாயமில்லை.

அலைநீளம் (மூன்றாம் ஆண்டு)

பதவிகள் பற்றி நேர்கோடு சொன்னதை மறுக்க ஒன்றுமில்லை. மாறுவது பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. பாடங்கள் விடுபடுகிறதா என்று பார்க்கச் சொன்னது மிகச் சரி. விடுபடவில்லை என்றால் சேர்க்கைப் படிப்பிலேயே இருங்கள். ஏனென்றால் தனித்தனியாகப் படித்த பாடங்கள் ஒன்றோடொன்று மோதும் இடம் வானியல்.

சந்திரசேகர் 1930இல், 19 வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது செய்த கணக்கை நினைத்துப் பாருங்கள். அடர்ந்த பொருளில் எலக்ட்ரான்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்ற குவாண்டம் புள்ளியியல் அவருக்குத் தெரியும். சார்பியல் தெரியும். விண்மீன் எப்படித் தன்னைத் தாங்கி நிற்கிறது என்பதும் தெரியும். மூன்றையும் ஒரே தாளில் வைத்தபோது, வெள்ளைக் குள்ளன் விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீனின்) நிறைக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது என்று வந்தது. இன்று நாம் சொல்லும் மதிப்பு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. வானியலாளர் எடிங்டன் போன்ற பெரியவர் 1935இல் அதை வெளிப்படையாக மறுத்தார், இருந்தும் கணக்கு நின்றது. நோபல் பரிசு வந்தது 1983இல். இப்படி மூன்று பாடத்தை ஒரே தாளில் வைக்கும் பழக்கத்தைச் சேர்க்கைப் படிப்பு வாராவாரம் நமக்குத் தருகிறது. அதற்காகவே நான் இதில் இருக்கிறேன்.

நேர்கோடு (முதுகலை முடித்தவர்)

ஒப்புக்கொள்கிறேன். பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதில் நாம் இருவரும் ஒன்றுதான்.

அறுமீன் (முதல் ஆண்டு)

பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். மின்காந்தவியல் இரண்டு பகுதியும் புள்ளியியல் இயற்பியலும் இருக்கின்றன. திண்மநிலை மட்டும் விருப்பப் பாடமாக இருக்கிறது. எனவே இப்போதைக்கு மாறவில்லை.

இன்னொன்று மனதில் இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் எல்லோரும் இதற்கென்றே பிறந்தவர்கள், நான் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டேன் என்ற எண்ணம் போகமாட்டேன் என்கிறது.

துடிமீன் (முனைவர் ஆய்வு, கடைசி ஆண்டு)

இதற்கு நான் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் என் ஆய்வே பல்சார்களைப் பற்றியது, சீராகத் துடிப்பது போல ரேடியோ அலை வரும் விண்மீன்கள் அவை. அந்தத் துறை தொடங்கியதே உங்களைப் போல நினைத்த ஒரு மாணவியால்தான்.

ஜோசலின் பெல் 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. அங்கே தான் இருக்கத் தகுதியில்லை, ஒரு நாள் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்ததாக அவர் பின்னாளில் பல இடங்களில் பேசியிருக்கிறார். அப்படி அனுப்பும் நாள் வந்தால் வேலையில் குறை வைத்தோம் என்ற வருத்தம் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் மிகக் கவனமாகச் செய்தாராம். கட்டுவதற்கு அவரும் கைகொடுத்த ரேடியோ தொலைநோக்கி நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் நீளத்துக்குத் தாளில் கோடு வரைந்து தள்ளும். கணினி கிடையாது, அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த நீளத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட வராத ஒரு கிறுக்கல், விண்மீன் போலவும் இல்லாமல் பூமியிலிருந்து வரும் குறுக்கீடு போலவும் இல்லாமல் இருப்பதைக் கவனித்தார். அது வானத்தில் அதே இடத்திலிருந்து வருகிறது, அதாவது விண்மீன்களின் நாளைப் பின்பற்றுகிறது என்பதையும் கவனித்தார். வேகமாகத் தாளை ஓட்டிப் பதிவு செய்தபோது 1.337 விநாடிக்கு ஒருமுறை துடிப்பு. இவ்வளவு கவனம் இல்லாத ஒருவர் அதைக் கடந்து போயிருப்பார்.

1974இல் அந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது, அவருக்கு இல்லை. அது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். 2018இல் அவருக்குச் சிறப்பு பிரேக்த்ரூ பரிசாக 30 லட்சம் டாலர் கிடைத்தபோது, முழுவதையும் இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

அறுமீன், அந்த எண்ணம் போக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். என்னிடமிருந்து அது இன்னும் போகவில்லை, கூடவே வேலையும் நடக்கிறது. ஆனால் சாப்பாடும் தூக்கமும் கெடும் அளவுக்குப் போனால் அதைப் படிப்பின் பகுதி என்று விட்டுவிடக் கூடாது. பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர் இருப்பார், தேர்வுக்கு முன் வாரம் வரை காத்திராமல் போய்ப் பேசுங்கள்.

செந்நகர்வு (முதல் ஆண்டு)

துடிமீன் அக்கா, இதை என் அறைத்தோழியிடமும் படித்துக் காட்டினேன். மிக்க நன்றி.

எண்ட்ரோபி (இரண்டாம் ஆண்டு)

இன்னொரு வேலையும் சொல்கிறேன், இதற்கு தொலைநோக்கியும் வேண்டாம், அடுத்த ஆண்டு வரை காத்திருக்கவும் வேண்டாம்.

கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீடு 2022 ஜூனில் வந்தது. அதில் சுமார் 180 கோடி வான்பொருள்கள் இருக்கின்றன. இடம், இடமாறு (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவது போலத் தெரியும் கோணம், தூரத்தை இதிலிருந்துதான் கணக்கிடுவோம்), வானத்தில் நகரும் வேகம், பிரகாசம், நிறம் எல்லாம் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பேராசிரியர்கள் பயன்படுத்தும் அதே தரவு.

அறுமீன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், அந்தக் கார்த்திகைக் கூட்டத்திலிருந்தே தொடங்குங்கள். வானத்தில் அதன் ஆயத்தொலைவுகள்: வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் 24.12 பாகை, அதைச் சுற்றி 2 பாகை ஆரம், பிரகாச எண் 15 வரை (எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). ஆயிரக்கணக்கான விண்மீன்கள் வரும், அவற்றில் பெரும்பாலானவை கூட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. இப்போது வானத்தில் நகரும் வேகத்தைக் கிழக்கு, வடக்கு என இரண்டு அச்சில் வரைபடமாகப் போடுங்கள். நடுவில் ஒரு பெரிய மங்கல் மேகம் வரும். அதற்கு வெளியே, ஆண்டுக்குக் கிழக்கே 20, வடக்கே −45 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) என்ற இடத்துக்கு அருகில் ஒரு சிறிய முடிச்சு இருக்கும். அதுதான் கூட்டம். ஒரே மேகத்தில் பிறந்து இன்னும் ஒன்றாகவே நகர்பவை. அந்த முடிச்சை மட்டும் வெட்டி எடுங்கள்.

அவற்றின் இடமாறு சுமார் 7.4 மில்லி ஆர்க்செகண்டில் குவிந்திருக்கும். 1000ஐ அதால் வகுத்தால் 135 பார்செக், அதாவது ஏறத்தாழ 440 ஒளியாண்டு. அப்புறம் நிறத்துக்கு எதிராகப் பிரகாச எண்ணை வரையுங்கள். எல்லாம் ஒரே தூரத்தில் இருப்பதால் திருத்தம் எதுவும் செய்யாமலே முதன்மைத் தொடர், அதாவது ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்கள் வரிசையாக விழும் கோடு, தெரியும். பைத்தானில் செய்யலாம், ஆஸ்ட்ரோபை தொகுப்பு உதவும். நிரல் எழுத வராதென்றால் டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் தொடங்குங்கள், ஆனால் பைத்தானைத் தள்ளிப்போட வேண்டாம்.

துடிமீன் (முனைவர் ஆய்வு, கடைசி ஆண்டு)

நல்ல தேர்வு. அந்த 135 பார்செக்குக்குப் பின்னால் ஒரு சண்டையே இருக்கிறது, லேபில் பிழைக்கோடு எழுதச் சலிப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஹிப்பார்கஸ் விண்கலத்தின் அட்டவணை 1997இல் வந்தபோது கார்த்திகையின் தூரம் சுமார் 118 பார்செக் என்று காட்டியது. மற்ற முறைகளில் சுமார் 133 வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சொன்ன பிழை எல்லைகள் ஒன்றையொன்று தொடவில்லை. 118 சரியென்றால் அந்த இளம் விண்மீன்கள் எல்லாம் எதிர்பார்த்ததைவிட மங்கலானவை, அதாவது விண்மீன் மாதிரிகளிலேயே ஏதோ தவறு. பல ஆண்டுகள் இது தீரவில்லை. 2014இல் ரேடியோ தொலைநோக்கிகளைக் கண்டம் கண்டமாக இணைத்து அளந்தபோது 136 வந்தது. அதன் பிறகு கையாவும் அதே பக்கம் நின்றது.

ஃபோட்டான்களை எண்ணுவதில் வரும் பிழை, அளவீடுகளைக் கூட்டக் கூட்டக் குறையும். கருவியோ கணக்கிடும் முறையோ எல்லா அளவீட்டையும் ஒரே பக்கம் இழுத்தால் எவ்வளவு கூட்டினாலும் குறையாது. ஊசல் பரிசோதனையில் ரெக்கார்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லி நச்சரிப்பது இதற்காகத்தான்.

அறுமீன் (முதல் ஆண்டு)

வார இறுதியில் செய்து பார்த்தேன். தரவை இறக்குவதற்கே ஒரு பாதி நாள் ஆனது, கேள்வி எழுதும் ஏடிக்யூஎல் மொழி புதிது. ஆனால் அந்த முடிச்சு வந்தது! எண்ட்ரோபி சொன்ன அதே இடத்தில், மேகத்துக்கு வெளியே தனியாக. அதை வெட்டி எடுத்து நிறம், பிரகாசம் போட்டதும் ஒரு கோடு மாதிரி வளைந்து வந்தது. செந்நகர்வும் சேர்ந்துதான் செய்தோம்.

ஒரு சந்தேகம். கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது பிரகாசமான பக்கத்தில், அதற்கு இணையாக இன்னொரு மெல்லிய கோடு போல விண்மீன்கள் இருக்கின்றன. வெட்டும்போது ஏதாவது தவறா? அவற்றின் இடமாறு மற்றவற்றைப் போலத்தான் இருக்கிறது.

அலைநீளம் (மூன்றாம் ஆண்டு)

தவறில்லை. எவ்வளவு மேலே இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள், பதிலை அப்புறம் சொல்கிறேன்.

அறுமீன் (முதல் ஆண்டு)

நடுப்பகுதியில் ஏறத்தாழ 0.7 முதல் 0.8 வரை.

சரி, இருங்கள். பிரகாச எண்ணில் 2.5 பெருக்கல் மடக்கை வரும். ஒளி இரண்டு மடங்கானால் 2.5 × 0.301, அது 0.75. அப்படியென்றால் அங்கே இருப்பவை ஒரு புள்ளியாகத் தெரியும் இரண்டு விண்மீன்களா? இரண்டும் ஒரே மாதிரியானவை என்றால் நிறம் மாறாது, ஒளி மட்டும் இரட்டிக்கும்.

அலைநீளம் (மூன்றாம் ஆண்டு)

அதேதான். இரட்டை விண்மீன்களின் தொடர். துணை விண்மீன் சிறியதாக இருந்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் எங்காவது விழும், அதனால்தான் இடைவெளி காலியாக இல்லை.

செந்நகர்வு (முதல் ஆண்டு)

0.75க்கும் மேலே சில இருக்கின்றனவே, அவை?

இரவுக்காவல் (முதுகலை)

மூன்று விண்மீன்கள் சேர்ந்திருந்தால் 1.19 வரை போகலாம். அல்லது தற்செயலாக அதே வேகத்தில் நகரும் வேறொரு விண்மீன் உங்கள் வெட்டுக்குள் வந்திருக்கலாம், அதற்கு இடமாற்றையும் அதன் பிழையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கையா அட்டவணையில் ருவி என்று ஒரு நிரல் இருக்கும். ஒற்றை விண்மீன் என்று எடுத்துக்கொண்டு போட்ட பொருத்தம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை அது சொல்லும். 1.4க்கு மேல் போனால் துணை இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். அவற்றை மட்டும் வேறு நிறத்தில் போட்டு, மேல் கோட்டில் விழுகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் விழாது. மிக நெருக்கமாகச் சுற்றும் இரட்டைகள் அதில் சிக்குவதில்லை.

அறுமீன் (முதல் ஆண்டு)

வியாழக்கிழமை அசைன்மென்ட் கொடுத்துவிட்டு மாலை போட்டுப் பார்க்கிறோம். படத்தை இங்கேயே இடுகிறேன்.